வெல்டிங் வருமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் வாசலையொட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, வேலை கேட்டு வருகிறவர்களிடம் "என்ன வேலை வரும்?" என்று கேட்பது சில வருஷங்கள் என் உத்தியோகத்தில் ஒரு பகுதியாக இருந்தது. முதல் ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு கம்பெனி பஸ்கள் திரும்பிப்போன பிறகு, எட்டரை மணி வாக்கில், ஒப்பந்தக்காரர் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்பார்கள். அந்த மரத்தின் இலைகள் பச்சையாக இருந்து நான் பார்த்தது மழை பெய்த மறுநாள் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் பக்கத்து உருக்காலைகளின் தூசி படிந்து துருவும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்தில் இருக்கும். என் கையில் ஒரு படிவம். பெயர், ஊர், வயது, படிப்பு. பிறகு ஃபிட்டர், வெல்டர், கிரைண்டர், ஹெல்பர் என்று வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: தெரியும், தெரியாது. ஆனால் வாய்விட்டுக் கேட்கும்போது "வெல்டிங் தெரியுமா" என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. "வெல்டிங் வருமா?" என்பேன். "வரும் சார்" என்பார்கள். 'தெரியும்' என்ற கட்டத்தில் டிக் அடிப்பேன். வாயில் இருந்த சொல்லுக்கும் தாளில் இருந்த சொல்லுக்கும் நடுவே ஒரு சந்து இருப்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு அது என்னை விடவில்லை.

வேறு எதையெல்லாம் இப்படிச் சொல்கிறோம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நீச்சல் வரும். கோலம் வரும். ஹார்மோனியம் கொஞ்சம் வரும். கணக்கு வரவே வராது. பூகோளத்தை இப்படிச் சொல்வதில்லை. அது தெரியும் அல்லது தெரியாது, அவ்வளவுதான். உடம்போடு ஒட்டவேண்டிய வித்தை என்று வந்துவிட்டால் மட்டும் வினையை வித்தையிடம் கொடுத்துவிட்டு, 'எனக்கு' என்று நாம் ஒதுங்கி நின்றுகொள்கிறோம். பிடித்ததைச் சொல்லும்போதுகூட 'பிடிபட்டது' என்கிறோம்; சைக்கிள் மூன்றாம் நாள் பிடிபட்டது, வேறு யாரோ பிடித்துக் கையில் கொடுத்த மாதிரி. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா என்பதால் எங்கள் வாசலுக்கு வருகிறவர்களில் பலருக்கு வீட்டுமொழி தெலுங்கு. "வெல்டிங் வச்சா?" என்று ஒப்பந்தக்காரர் கேட்பார், "வச்சு" என்பார்கள். அதுவும் வருவதுதான். அதே 'வச்சு' இன்னொரு வினையோடு போய் ஒட்டிக்கொண்டால் 'செய்யலாம்', 'நடக்கலாம்' என்று ஆகிவிடும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் அதிகம் வரத் தொடங்கிய பிறகு "வெல்டிங் ஆத்தா ஹை?" என்று கேட்க நானும் கற்றுக்கொண்டேன். அதுவும் வருவதுதான். ஆனால் இந்தியில் 'ஆத்தா ஹை' வேறு, 'ஆ ஜாயேகா' வேறு. முன்னது இப்போதே வருவது, பின்னது இனிமேல் வந்துவிடும். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'வரும்' போதும். செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று வழக்கத்தையும் சொல்லும், எதிர்காலத்தையும் சொல்லும் என்று பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தபோது, அதனால் ஒருவனுடைய கண் வெந்துபோகும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. தடாவுக்குப் பக்கத்தில் ஏதோ ஊர். தமிழும் நன்றாகப் பேசினான். சட்டைப் பையில் ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் நகல், மடிப்பு கிழிந்தது. "வெல்டிங் வருமா?" "வரும் சார்." டிக். அன்றைக்கு இரண்டு வெல்டர்கள் மட்டம் போட்டிருந்தார்கள், அதனால் அவன் கையில் நேராக ஹோல்டரைக் கொடுத்துவிட்டார்கள். அதை அவன் வாங்கிய விதத்திலேயே பக்கத்தில் இருந்தவருக்கு விஷயம் புரிந்திருக்கும், அவர் சொல்லவில்லை. ராடைத் தகட்டில் உரசி நெருப்பை எழுப்புவது முதல் பாடம். புதியவன் கையில் அது தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிடுங்குவதற்குத் தடுமாறும் நேரத்துக்குள் ராடு முழுக்கச் சிவந்துவிடும். பயந்துபோய்த் தூக்கிப் பிடித்தால் அணைந்துவிடும். ஒட்டாமலும் அணையாமலும் இருக்கிற இடைவெளி ஏறக்குறைய ராடின் பருமன்தான், பத்து கேஜ் ராடு என்றால் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் நெருப்பு எழும்வரை ஒன்றுமே தெரியாது. அதனால் அவன் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை விலக்கிவிட்டு உரசியிருக்கிறான். மாலை வரை ஒன்றுமில்லை. ஆர்க் கண்ணில் அடித்தது அடித்தவுடன் தெரியாது. கருவிழியின் மேல்தோல் வெந்திருப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும், பெரும்பாலும் படுத்த பிறகு, இமைக்குள் மணலை அள்ளிப்போட்டுத் தேய்க்கிற மாதிரி. மறுநாள் காலை வீங்கிய இமைகளோடு கைக்குட்டையால் நீரை ஒற்றிக்கொண்டு வந்து நின்றான். சூபர்வைசர் கத்தினார்: "வராதுன்னா வராதுன்னு சொல்லித் தொலைக்கவேண்டியதுதானேடா?" அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வரும்னுதானே சார் சொன்னேன்." எல்லோரும் சிரித்தோம். சாயங்காலம் லோக்கல் ரயிலில் கவரைப்பேட்டை தாண்டும்போதுதான் அவன் சொன்னது எந்த 'வரும்' என்று எனக்கு உறைத்தது. அவன் பொய் சொல்லவில்லை. நான்தான் அவனுடைய எதிர்காலத்தை நிகழ்காலத்தின் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறேன்.

இதற்குப் பிறகு பயிற்சி அட்டவணை போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை எங்களிடம் பயிற்சி என்று தனியாக ஒன்று கிடையாது. பழைய ஆளோடு ஒட்டிக்கொண்டு திரிந்தால் காலப்போக்கில் வரும். மேலிடத்துக்குக் காலப்போக்கு என்ற சொல் பிடிக்கவில்லை. எத்தனை நாள் என்று கேட்டார்கள். சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார், சட்டைப் பையில் அடங்குகிற ஓர் அட்டையைக் காட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது, 1940-க்கும் 1945-க்கும் இடையில், போர்முனைக்குப் போன தொழிலாளிகளின் இடத்தில் அனுபவமே இல்லாதவர்களை நிறுத்த அமெரிக்காவில் உருவாக்கிய முறையாம். ஆளைத் தயார்செய், செய்து காட்டு, செய்யச் சொல்லிப் பார், பிறகு அவ்வப்போது போய்க் கவனித்துக்கொள்: நான்கே படி. போர் முடிந்து அமெரிக்கா அதை மறந்துவிட்டது. அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் நிலைத்துவிட்டது. அந்த முறையின் தொடக்கத்தில் லென்ஸ் தேய்ப்பவர்களைப் பற்றி ஒரு கதை உண்டு. தேறுவதற்கு ஐந்து வருஷம் ஆகும் என்று சொல்லப்பட்ட தொழிலைச் சில மாதங்களில் கற்றுக்கொடுத்துக் காட்டினார்கள். ஆலோசகர் இதைச் சொன்னபோது கூட்டத்தில் கைதட்டல். எப்படி முடிந்தது என்ற மறுபாதியை நான் பிற்பாடு படித்தேன். லென்ஸ் தேய்ப்பவர் செய்துவந்த வேலைகளையெல்லாம் பட்டியல் போட்டு, பாதிக்கு மேல் பிரித்து வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டது உண்மைதான். கற்கவேண்டியதும் சுருங்கிப்போயிருந்தது.

எனக்கு வெல்டிங் வராது. அட்டவணை போடுவது அத்தனை சுலபமாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஒரு வருஷம். நான் நான்கு நாளில் முடித்தேன். முதல் நாள் நெருப்பு எழுப்புவது, இரண்டாம் நாள் நேர்கோட்டில் ரன் போடுவது, மூன்றாம் நாள் பிராக்கெட், நான்காம் நாள் சோதனை. பிராக்கெட் என்பது எங்கள் பட்டறையில் நூற்றுக்கணக்கில் ஓடிய, எல் வடிவத்தில் இரண்டு தகடுகளைச் சேர்க்கிற ஒரே சாமான். மேஜைமேல் படுக்கவைத்து அடிக்கவேண்டியது. முதல் தொகுதியில் அந்தப் பையனும் இருந்தான். நான்காம் நாள் அவன் போட்ட ரன்மேல் படிந்த கசடு, சுத்தியல் படாமலே, ஆறும்போது தானாகச் சுருண்டு எழும்பிக்கொண்டு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கரண்டு சரியாக இருந்து கையும் சீராகப் போனால்தான் அப்படி உரியும். ஓசையும் மாறியிருந்தது, முதல் நாள் திக்கித் திக்கி வெடித்தது, நான்காம் நாள் வாணலியில் வடை வேகிற மாதிரி ஒரே சீராகக் கேட்டது. அட்டவணையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள், கீழே என் கையெழுத்தோடு. மூன்று மாதம் கழித்து வேறு ஓர் ஆர்டர் வந்தது. நிற்கவைத்த தூணில் கீழிருந்து மேலாக அடிக்கவேண்டிய இணைப்பு. நான்கு நாள் பையன்கள் எட்டுப் பேர் கையிலும் உலோகம் மெழுகுவர்த்தி மாதிரி வழிந்து பூட்ஸ்மேல் சொட்டியது. மூன்று மாதமாகத் தினம் எட்டு மணி நேரம் வெல்டிங் அடித்தவர்கள். அவர்களுக்கு வந்திருந்தது பிராக்கெட். மேலிடம் என்னைக் கூப்பிட்டு, செங்குத்து இணைப்புக்குத் தனியாக இன்னொரு நான்கு நாள் அட்டவணை போடச் சொன்னது. போட்டேன்.

1983-ல் நான் பொன்னேரியில் டைப்ரைட்டிங் படித்தேன். மாடியில் ஒரு நீள அறை, எட்டு மெஷின்கள், பாதி ரெமிங்டன், பாதி ஃபேசிட். ஆறிலிருந்து ஏழு வரை என் பேட்ச். இடது கைக்கு ஏ எஸ் டி எஃப், வலது கைக்கு அரைப்புள்ளியில் தொடங்கி எதிர்த்திசையில். சுண்டுவிரலுக்கு வலு பத்தாமல் 'ஏ' மட்டும் எப்போதும் மங்கலாக விழும். லோயர் பாஸ் பண்ணினால் ஓர் இடத்தில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், எனக்கு அவசரம். இரட்டைக் கட்டணம் தருகிறேன், தினம் இரண்டு மணி நேரம் விடுங்கள் என்று மாஸ்டரிடம் கேட்டேன். "மெஷின் ஏது தம்பி? அடுத்த பேட்ச் படியில நிக்குது பாரு. போய்ட்டு நாளைக்கு வா" என்றார். நான் மெஷினைக் கோபித்துக்கொண்டு, தொடைமேல் விரல்களால் அடித்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பேன். முந்தின நாள் சாயங்காலம் எத்தனை முறை அடித்தும் தப்பிய ஒரு சொல், மறுநாள் உட்கார்ந்தவுடன் விரலிலிருந்து தானாக விழும். இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத்தக்க விஷயம் என்றே தோன்றவில்லை. பல வருஷம் கழித்து, பயிற்சி அட்டவணைகளைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் தபால்காரர்களைப் பற்றிய ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. ஆலன் பேட்லியும் லாங்மனும் 1978-ல் வெளியிட்டது. கடிதங்களைப் பிரிக்க மெஷின் வந்ததால் தபால்காரர்கள் விசைப்பலகை பழகவேண்டியிருந்தது. நான்கு குழுவாகப் பிரித்தார்கள்: தினம் ஒரு மணி நேரம் ஒரு தடவை, ஒரு மணி நேரம் இரண்டு தடவை, இரண்டு மணி நேரம் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் இரண்டு தடவை. மொத்த மணிக்கணக்கில் பார்த்தால் தினம் ஒரே ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள்தான் சீக்கிரம் கற்றார்கள். இதைவிட எனக்குச் சுவாரசியமாக இருந்தது வேறு. பயிற்சியைப் பற்றி அதிகம் குறைப்பட்டுக்கொண்டவர்களும் அவர்களேதான். பக்கத்துக் குழு சில வாரத்தில் முடித்துவிட்டுப் போகிறது, நாம் இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோமே என்ற எரிச்சல். பொன்னேரி மாடிப்படியில் நான் பட்ட அதே எரிச்சல். மாஸ்டருக்கு உளவியல் தெரியாது, மெஷின் பற்றாக்குறைதான் தெரியும். ஆனால் தமிழ்நாட்டின் ஒவ்வொரு சின்ன ஊரிலும் ஒரு மாடியறையில், பற்றாக்குறையே சரியான முறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. என் நான்கு நாள் என்பது 32 மணி நேரம். அதை நாளுக்கு ஒரு மணியாகப் பரப்பியிருந்தால் ஒரு மாதம் ஓடியிருக்கும். மிச்ச ஏழு மணி நேரம் அவன் கிரைண்டர் பிடித்திருக்கலாம், தகடு வெட்டியிருக்கலாம். யாருக்கும் காலணா நஷ்டமில்லை. எனக்குத் தோன்றவில்லை. நான் மணிகளை எண்ணவில்லை, நாட்களைத்தான் எண்ணினேன். மேலிடம் கேட்டதும் நாட்களைத்தான்.

இப்படி எழுதிக்கொண்டு போகும்போது எனக்கே ஒரு கூச்சம் வருகிறது. மெதுவாகக் கற்கட்டும் என்று சொல்ல, முதல் தேதி சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்தப் பையனின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு வருஷம் ஐ.டி.ஐ.யில் உட்கார அவன் வீட்டில் அரிசி இல்லை. சீக்கிரம் கற்பது அவனுக்குச் சம்பளம். பழைய முறை ஒன்றும் தர்மமான முறையல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும். மேஸ்திரியிடம் சேர்ந்தவன் இரண்டு வருஷம் கேபிள் சுற்றவேண்டும், டீ வாங்கிவரவேண்டும், கசடு தட்டவேண்டும். கரண்டு எவ்வளவு வைக்கிறோம் என்பது பையனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மெஷினுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டு திருகுகிற மேஸ்திரியை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருஷத்தில் தொழில் இருந்த நேரம் கொஞ்சம், அடக்குமுறை இருந்த நேரம் அதிகம். அதை நான்கு நாளாக்கியவன் என்று ஒருநாள் எனக்கே என்மேல் பெருமையாகக்கூட இருந்தது. நாட்டுக்கும் இதே அவசரம் இருக்கிறது. 2015-ல் 'திறன் இந்தியா' திட்டம், 2022-ல் தமிழ்நாட்டில் 'நான் முதல்வன்' திட்டம். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.கள் 71-ஐ டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதுப்பித்து, அங்கே ரோபோக்களை நிறுத்தியிருக்கிறார்கள். இதையெல்லாம் பரிகசிப்பதில் எனக்கு விருப்பமில்லை. நல்ல மெஷினில் கை வைப்பது நல்லதுதான். கசடும் உலோகமும் ஒரே நெருப்புக்குள் உருகி ஓடும்போது எது எது என்று பிரித்துப் பார்க்கிற கண் எத்தனை நாளில் வரும் என்பதை மட்டும் எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. அந்தக் கண் வந்தவனுக்குத்தான் தூணும் ஒன்று, பிராக்கெட்டும் ஒன்று.

அந்தப் பையன் அதைத் தேடிக்கொண்டுதான் இருந்தான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. சாப்பாட்டு இடைவேளையில் கழிவுக் குவியலிலிருந்து கிடைத்ததையெல்லாம் எடுத்துவந்து ஒட்டிப் பார்ப்பான். பைப் துண்டு, கோண இரும்பு, கம்பி முனை; ஒன்று படுக்கை, அடுத்தது செங்குத்து, அடுத்தது தலைக்குமேல். ஒன்றும் உருப்படியாக இருக்காது, ஒன்றுபோல் இன்னொன்றும் இருக்காது. ஜான் ஷேயும் ராபின் மார்கனும் 1979-ல் செய்த ஒரு சோதனை இதைப் பற்றியது மாதிரியே இருக்கிறது. டென்னிஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சிறு பலகைகளை ஒரு வரிசையில் தட்டிச் சாய்க்கவேண்டும், மூன்று விதமான வரிசை. ஒரு விதத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது வேகமாகச் செய்தார்கள். மூன்றையும் கலைத்துப்போட்டுப் பழகியவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டுச் சோதித்தபோது தடுமாறியவர்கள் முந்திவிட்டார்கள். எங்கள் பட்டறையில் தடுமாறுவதற்கு நேரமும் இல்லை, ராடும் இல்லை. ராடு செலவு ஏறுகிறது என்று ஸ்டோரிலிருந்து புகார் வந்தபோது, எரிந்து மிஞ்சிய துண்டுகளை எண்ணித் திருப்பி ஒப்படைத்தால்தான் புது ராடு என்று சுற்றறிக்கை அனுப்பினார்கள். அதை எழுதியதும் நான்தான். பையன் அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் தூங்கினான்.

கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருளர் குடியிருப்புகள் நிறைய. எங்கள் வாசலுக்கும் வருவார்கள். அவர்களுக்கு நான் எப்போதும் ஹெல்பர் கட்டத்தில்தான் டிக் அடித்தேன். 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு இரண்டு இருளர்கள் போன செய்தி வந்தது, மாசி சடையனும் வடிவேல் கோபாலும். 1978-ல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். இங்கே அவர்கள் பிடித்துப் பழகியது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அங்கே இருந்தது பர்மிய மலைப்பாம்பு. தெரியாத சதுப்பு, தெரியாத புல், தெரியாத பாஷை. மற்றவர்கள் வண்டியில் சாலையோரமாகத் தேடிக்கொண்டிருக்க, இவர்கள் இறங்கி நடந்து புதருக்குள் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள், அதில் ஒன்று பதினாறடி. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். புது இடம், புதுப் பிராணி, இரண்டே வாரம்: சீக்கிரம் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. ஆனால் இதை அட்டவணையில் எழுத உட்கார்ந்தால் முதல் நாள் என்று எதைப் போடுவது? ஐந்து வயதில் எலிவளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மண்ணில் இழுபட்ட கோட்டைப் பார்த்ததையா? அதற்குப் பயிற்சி என்று பெயர் கிடையாது, தேதி கிடையாது, சான்றிதழ் கிடையாது. எங்கள் மாவட்டத்தில் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்து மீட்கப்பட்டவர்களில் இருளர் குடும்பங்கள் பல. 'என்ன வேலை வரும்?' என்ற என் கேள்விக்கு வேப்பமரத்தடியில் அவர்கள் ஒன்றும் சொல்லாமல் சிரித்தபடி நின்றார்கள். ஹெல்பர் என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இத்தனையும் யோசித்த பிறகும் என் உறுத்தல் முழுக்க இதில் இல்லை என்பது தெரிகிறது. அது 480 என்ற எண்ணில் இருக்கிறது. 1981-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளி நிரந்தரமானவர் என்று அது சொல்கிறது. நல்ல சட்டம். அதனால்தான் நானூற்றுச் சொச்சம் ஆனவுடன் 'பிரேக்' கொடுப்பது என்ற வார்த்தை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பிரேக் விட்டுத் திரும்ப எடுப்பதும் உண்டு, எடுக்காமல் விடுவதும் உண்டு. பையனுக்கு நானூற்று முப்பதாவது நாளோ என்னவோ கணக்கு முடித்தார்கள். அப்போது செங்குத்து இணைப்பு அவனுக்கு வரத் தொடங்கியிருந்தது. ரொம்ப நாள் ஒன்றுமே நகராமல் கிடந்துவிட்டு, ஒரு வாரத்தில் திடீரென்று கை எழும்பியது. தந்தி ஆபீஸ் ஆட்களிடம் பிரையனும் ஹார்ட்டரும் 1897-லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்: செய்தி வாங்கும் வேகம் மாதக்கணக்கில் ஒரே மட்டத்தில் கிடக்கும், பிறகு ஏறும். எங்கள் பதிவேட்டில் கிடந்த காலம் மட்டும்தான் பதிவானது. நேர்த்தியாக வேலை செய்த ஒரு வெல்டரை இழப்பது கம்பெனிக்கு நஷ்டம் இல்லையா என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். "அதான் நாலு நாள்ல புது ஆளை ரெடி பண்ணிடறீங்களே சார்" என்றார். நக்கல் இல்லை, நிஜமாகவே பாராட்டினார். ஒரு வெல்டரை உருவாக்க ஒரு வருஷம் ஆகியிருந்தால் நானூற்று முப்பதாவது நாளில் அவனை வெளியே அனுப்ப எவனுக்கும் கை வந்திருக்காது. அவன் சீக்கிரம் கற்க நான் போட்ட அட்டவணைதான் அவனைச் சீக்கிரம் அனுப்பவும் உதவியது. அவனுக்குச் சம்பளமாக இருந்த அதே நான்கு நாள் அவனுக்கு விலையாகவும் இருந்தது. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அந்த அட்டவணையைப் போடமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மணிகளைப் பரப்பிப் போடுவேன், ராடு துண்டுகளை எண்ணச் சொல்லமாட்டேன், அவ்வளவு சொல்லலாம்.

கடைசி நாள் அவன் ஹோல்டரையும் கண்ணாடியையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்துப் போட வந்தான். முன்கை முழுக்கப் பொறி பட்ட சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதற்கு, ஸ்ரீசிட்டி பக்கம் ஆள் எடுக்கிறார்களாம், டிக் (TIG) வெல்டிங் வரணுமாம் என்றான். வருமா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

நான் ஓய்வுபெற்று இரண்டு வருஷமாகிறது. போன மாதம் பஜாரில் பழைய சூபர்வைசரைப் பார்த்தேன். சட்டம் போட்ட அட்டவணை இன்னும் சுவரில் இருக்கிறதாம். நான்கு நாள் என்பதை மூன்றாகத் திருத்தி மேலே தாள் ஒட்டியிருக்கிறார்களாம். கையெழுத்து மட்டும் என்னுடையதாகவே இருக்கிறது என்றார்.